இடுப்பளவுத் தண்ணீரில் நனைந்த உட்புறம்: ஒரு மெட்டல் டிடெக்டர் கசிவின் நிகழ்வு ஆய்வு

திரைக்குப் பின்னால் ஒரு துளி நீர் நின்றது. கருவியைச் சாய்த்தால் அதுவும் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு ஓடியது. நிமிர்த்தினால் திரும்பி வந்தது. 3 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று எழுதி விற்கப்பட்ட கருவி அது. அன்று நான் நின்றது இடுப்பளவுக் கடல்நீரில். கண்ட்ரோல் பாக்ஸ் தண்ணீருக்குள் போனது அதிகம் போனால் முக்கால் மீட்டர். அதுவும் குனிந்து மண் அள்ளிய சில நொடிகள்தான்.

3 மீட்டர் தாங்க வேண்டியது முக்கால் மீட்டரில் ஏன் தோற்றது? பதில் கிடைக்க நான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு முறை தவறாகவும் பழுது பார்த்தேன். நீரில் தேடுகிறவர்கள் கருவியை இழப்பது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, இப்படிக் கரையோரத்தில்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையில், அளந்த எண்களோடு எழுதி வைக்கிறேன்.

கருவியும் அதன் வாசல்களும்

வழக்கமான அமைப்புதான். கம்பின் மேல் பக்கம் திரை, பட்டன்கள், பேட்டரி எல்லாம் அடங்கிய கண்ட்ரோல் பாக்ஸ். கீழே, உலோகத்தை உணரும் தட்டான காயில். இரண்டையும் இணைக்கும் கேபிள் கம்பைச் சுற்றிக்கொண்டு வரும். காயில் எப்பாக்ஸி பிசினுக்குள் முழுக்க வார்க்கப்பட்டது. உள்ளே காற்றுக்கு இடமில்லை, நீருக்கும் இல்லை. கண்ட்ரோல் பாக்ஸ் அப்படி அல்ல. அதற்குள் கிட்டத்தட்ட 300 மில்லி காற்று இருக்கிறது. பேட்டரி அறையும் சர்க்யூட் போர்டு இருக்கும் அறையும் அந்த ஒரே காற்றைத்தான் பகிர்கின்றன. நீர் நுழையக்கூடிய வாசல்கள் நான்கு: பேட்டரி மூடி, காயில் கேபிள் வந்து சேரும் கனெக்டர், ஹெட்போன் துளையின் மூடி, பட்டன்களுக்கு அடியில் உள்ள ரப்பர் விரிப்பு.

பெட்டியில் ஐபி68 என்று போட்டிருந்தது, தூசும் நீரும் எவ்வளவு புகாது என்பதைச் சொல்லும் குறியீடு அது. இந்த எண்கள் ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையிலிருந்து வருபவை. முதல் எண் 6 என்றால் தூசு அறவே புகாது. இரண்டாவது எண் 7 ஆக இருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். 8 என்றால் அதைவிடக் கடுமையான நிலை. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்வார். நீருக்குள் போகும் கருவிகளுக்கு இடையே வித்தியாசம் பெரியது. "காரெட் ஏடி ப்ரோ" தாங்குவது 3 மீட்டர், "மைன்லேப் ஈக்வினாக்ஸ் 900" தாங்குவது 5 மீட்டர், "எக்ஸ்பி டியூஸ் 2" தாங்குவது 20 மீட்டர். எண்ணைப் பார்த்து வாங்குவது சரிதான். ஆனால் அந்தச் சோதனை புதுக் கருவியை நல்ல தண்ணீரில் அசையாமல் மூழ்க வைத்துச் செய்வது. மணல், உப்பு, வெயில், ஒரு வருடம் உழைத்த ரப்பர் எதுவும் அதில் கிடையாது.

என் கருவி அப்போது 14 மாதப் பழசு.

கவனிக்கத் தவறிய அறிகுறிகள்

துளி தெரிவதற்கு மூன்று வாரம் முன்பே கருவி சொல்ல ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.

காயில் ஈர மணலைத் தொடும்போது இடையிடையே கிறீச்சென்று, உலோகம் எதுவும் இல்லாமலே, பொய் ஒலி வந்தது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கடலோரத்தில் பொய் ஒலி வருவது சகஜம். சென்சிட்டிவிட்டியை, அதாவது உணர்திறனை, குறைத்தேன், கொஞ்சம் அடங்கியது, தேடலைத் தொடர்ந்தேன். அன்று ஒரே ஒரு சோதனை செய்திருந்தால் போதும். காயிலை நீரிலிருந்தும் மணலிலிருந்தும் விலக்கி, காற்றில் அசையாமல் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். ஒலி நின்றுவிட்டால் காரணம் மண்ணிலோ உப்பிலோ இருக்கிறது. காற்றிலும் தொடர்ந்தால் கோளாறு கருவிக்குள். பக்கத்தில் இன்னொரு டிடெக்டரோ மின்கம்பியோ இருந்தாலும் இப்படி இரையும் என்பதால் இடத்தை மாற்றியும் பார்க்க வேண்டும். அடுத்து, கேபிளைக் கனெக்டருக்கு அருகில் மெதுவாக வளைத்துப் பார்க்கலாம். வளைக்கும்போது மட்டும் ஒலி வந்தால் சந்தேகம் அங்கே. இவை எதையும் நான் செய்யவில்லை. காயிலின் அடிமூடியைக் கழற்றி உள்ளே தேங்கியிருந்த கருமணலைக் கழுவினேன். அதுவும் பொய் ஒலிக்கு ஒரு காரணம்தான். ஆனால் இந்த முறை காரணம் அதுவல்ல.

இரண்டாவது அறிகுறி இன்னும் நுட்பமானது. கருவி புதிதாக இருந்தபோது, தேடி முடித்துக் கரைக்கு வந்து பேட்டரி மூடியைத் திறந்தால் லேசாக ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பிறகு சுஸ்ஸென்ற சத்தத்தோடு திறக்கும். மூடி நன்றாக மூடுகிறது என்பதற்கு அது அடையாளம் என்று நினைத்துக்கொள்வேன். எப்போதோ அந்தச் சத்தம் நின்றுபோனது. எப்போது நின்றது என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. இந்த முழுக் கதைக்கும் சாவி அந்தச் சத்தம்தான்.

நனைந்த அன்று செய்தது

இதை அவசரமாகப் படிக்க வந்தவர்களும் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கருவியை அணைத்துப் பேட்டரியைக் கழற்றினேன். உப்பு நீரும் பேட்டரி மின்னழுத்தமும் சேர்ந்தால் போர்டில் உள்ள செம்புத் தடங்கள் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் அரிக்கத் தொடங்கும். "இன்னும் வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்து பார்ப்பதுதான் பல கருவிகளைக் கொல்கிறது. ஈரம் பட்ட லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். என்னுடையதை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்தேன், புதியது வாங்கினேன்.

அடுத்தது பலருக்கு மனம் வராத காரியம்: நனைந்ததை மேலும் நனைப்பது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நீரை மட்டும் காயவைத்தால் உப்பு போர்டிலேயே தங்கும். தங்கிய உப்பு சும்மாவும் இருக்காது. சாதாரண சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை இழுத்துத் தானாகக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் போர்டு, கடற்காற்றில் ஒவ்வொரு நாளும் மறுபடி ஈரமாகும். அதனால் பெட்டியைத் திறந்து, போர்டைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை அலசினேன். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் துடைத்தேன். திரையையும் ஸ்பீக்கரையும் ஆல்கஹால் படாமல் ஒதுக்கினேன். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள். ஹேர் டிரையரின் சூட்டைத் தவிர்த்தேன். பிளாஸ்டிக்கும் ரப்பரும் அந்தச் சூட்டில் வடிவம் மாறும்.

கருவி பிழைத்தது. திரையின் இடது ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இன்றுவரை மங்கலாகத்தான் தெரிகிறது.

வியர்த்ததா, கசிந்ததா

திரைக்குப் பின்னால் ஈரம் தெரிந்தால் எல்லோரும் முதலில் சொல்லும் ஆறுதல், "உள்ளே இருந்த காற்றுதான் வியர்த்திருக்கும்." அது உண்மையாகவும் இருக்கலாம். ஈரமான காற்றை உள்ளே வைத்து மூடிக் குளிர்ந்த நீரில் இறக்கினால் கண்ணாடியில் மூட்டம் படியும். ஆனால் எவ்வளவு படியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

30 டிகிரி செல்சியஸில் முழுக்க ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீரை ஆவியாக வைத்திருக்கும். என் பெட்டியில் இருப்பது 300 மில்லி காற்று. அதில் இருக்கக்கூடிய மொத்த நீரே 9 மில்லிகிராம். சொட்டுக் குழாயிலிருந்து விழும் ஒரு துளி சுமார் 50 மில்லிகிராம். ஆக, உள்ளே இருந்த காற்று மொத்தமாக வியர்த்தாலும் ஒரு துளியின் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நான் ஊசிக் குழாயால் உறிஞ்சி அளந்தது 3 மில்லி. அதை நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. போர்டின் மூலையில் ஏற்கனவே வெள்ளையாகப் பூத்திருந்தது.

மூட்டம் மட்டும் என்றால் காற்று. ஓடுகிற துளி என்றால் கசிவு. இந்த ஒரு வித்தியாசத்தை நீரில் தேடும் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதல் பழுதுபார்ப்பு, அதன் தவறு

சந்தேகம் இயல்பாகவே பேட்டரி மூடியின் ஓ-ரிங், அதாவது இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம், மேல் விழுந்தது. வாரத்துக்கு இரண்டு முறை திறந்து மூடும் இடம் அது ஒன்றுதான். ரிங்கைக் கழற்றி விரலால் உருட்டினால் உருளவில்லை. ஒரு பக்கம் தட்டையாகி நாடாவைப் போல் இருந்தது. உதிரி ரிங்குகள் கலந்து வைத்திருந்த டப்பாவில் அதே சுற்றளவில் ஒன்று கிடைத்தது. கண்ணுக்கு அச்சு அசல். மாட்டினேன். பாதுகாப்புக்காகச் சிலிக்கான் கிரீஸைத் தாராளமாக அப்பி மூடினேன்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, அதைப் பேட்டரி அறையின் அடியில் விரித்து வைத்தேன். ஒரு பொட்டு நீர் பட்டாலும் மை பரவிவிடும். கடலுக்கு இனி வேண்டாம், காரணம் தெரியும் வரை ஏரியில் மட்டும் என்று முடிவு செய்தேன். நல்ல தண்ணீர் உள்ளே போனாலும் அரிப்பு குறைவு.

அடுத்த ஒன்பது பயணங்களில் மூன்று முறை மை பரவியிருந்தது. குறிப்பேட்டில் தேதி, ஆழம், நேரம் எல்லாம் எழுதி வந்தேன். ஆழத்தோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. கழுத்தளவு வரை போன நாள் காகிதம் அப்படியே இருந்தது. முழங்காலளவில் நின்ற நாள் மை கரைந்து பூவாக விரிந்திருந்தது. இரண்டு வாரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் நேரம் எழுதிய பத்தி கண்ணில் பட்டது. மை கரைந்த மூன்றும் உச்சிவெயிலில் தொடங்கிய பயணங்கள். மாலையில் தொடங்கிய ஐந்திலும் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

வெயில் செய்த வேலை

அடுத்த முறை நடுப்பகலில் ஒரு வெப்பமானியோடு போனேன். கரையில் வைத்திருந்த கறுப்பு நிறக் கண்ட்ரோல் பாக்ஸ் 58 டிகிரி. ஏரி நீர் 28 டிகிரி.

மூடிய பெட்டிக்குள் காற்று 58-லிருந்து 28-க்குக் குளிர்ந்தால் அதன் அழுத்தம் அதே விகிதத்தில் குறையும். இந்தக் கணக்கைக் கெல்வினில் போட வேண்டும்: 331-லிருந்து 301. குறைவு சுமார் 9 சதவீதம், அதாவது ஏறக்குறைய 9 கிலோபாஸ்கல். ஒரு மீட்டர் நீர் தரும் அழுத்தம் சுமார் 9.8 கிலோபாஸ்கல். ஆக, கருவியை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அமிழ்த்தினாலும், ரப்பரைப் பொறுத்தவரை அது 90 சென்டிமீட்டர் கூடுதல் ஆழத்தில் இருக்கிறது. அந்த இழுப்பு, நீர் உள்ளே போய்ச் சமன் செய்யும் வரை விடாது. இது வெளியிலிருந்து நீர் தள்ளுவது என்பதைவிட, கருவி தானே உறிஞ்சுவது என்று சொல்வதுதான் பொருத்தம். என் பெட்டியில் முழுக்கச் சமன் ஆக வேண்டுமானால் 27 மில்லி வரை உள்ளே போகும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக விரும்பவில்லை. மூடியைக் குளிர்ந்த வீட்டில் மூடியிருந்தால் இந்த இழுப்பே வராது. உள்ளே அடைபட்ட காற்று வெயிலில் சூடாகி விரியும், நீரில் இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான். பிரச்சினை இரண்டு சந்தர்ப்பங்களில் வருகிறது. ஒன்று, கரையில், சூடான கருவியில் பேட்டரியைப் போட்டு அங்கேயே மூடுவது. நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இன்னொன்று, ரிங் ஏற்கனவே பலவீனமாக இருந்து, வெயிலில் கிடந்த ஒரு மணி நேரத்தில் விரிந்த காற்று மெதுவாக வெளியே கசிவது. வெளியே போன காற்றின் இடத்தை நிரப்ப, குளிர்ந்தவுடன் நீர் வருகிறது.

சுஸ்ஸென்ற அந்தச் சத்தத்தின் பொருள் அப்போதுதான் விளங்கியது. புதிதாக இருந்தபோதும் நான் சூடாகவே மூடியிருக்கிறேன். உள்ளே வெற்றிடம் உருவாகியிருக்கிறது. நல்ல ரிங் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. திறந்தபோது காற்று உள்ளே பாய்ந்திருக்கிறது. சத்தம் நின்ற நாளில், காற்றுக்குப் பதில் நீர் முன்பே போய்ச் சமன் செய்யத் தொடங்கிவிட்டது.

ஐஇசி 60529-இன் 1 மீட்டர் மூழ்கு சோதனையில் ஒரு விதி உண்டு: நீருக்கும் கருவிக்கும் வெப்ப வித்தியாசம் 5 கெல்வினைத் தாண்டக் கூடாது. நான் என் கருவியை 30 கெல்வின் வித்தியாசத்தில் வாரம்தோறும் முக்கியெடுத்தேன்.

சில கருவிகளில் காற்றை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அழுத்தம் தானாகச் சமனாகிவிடும். அந்தச் சவ்வில் சன்ஸ்கிரீனோ கிரீஸோ உப்போ அடைத்தால் அதன் பயன் போய்விடும். என் கருவியில் அப்படி ஒன்று இல்லை.

வெந்நீர்ச் சோதனை

உறிஞ்சுகிறது என்று தெரிந்தாகிவிட்டது. எந்த வாசலால்? அதைக் கண்டுபிடிக்க அழுத்தத்தைத் தலைகீழாக்கினேன். குளிர்ந்த பெட்டியை மிதமான வெந்நீரில் போட்டால் உள்ளே காற்று விரியும். கசியும் இடத்தில் குமிழ் வரும். அழுத்தம் உள்ளிருந்து வெளியே என்பதால், அந்த நேரத்தில் நீர் உள்ளே போகாது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மூடியை மூடினேன். பெட்டி 24 டிகிரியில் இருந்தது. வாளியில் நீர் 44 டிகிரி. அதற்கு மேல் சூடாக்க வேண்டாம். இந்த வித்தியாசமே உள்ளே கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். மெதுவாக அமிழ்த்தி, வெளிப்பரப்பில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழ்களை விரலால் தடவிக் கலைத்தேன். இல்லாவிட்டால் அவற்றையே கசிவு என்று நினைத்துவிடுவோம். பிறகு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நான்காவது நிமிடம், பேட்டரி மூடியின் கீல் இருக்கும் மூலையில், குண்டூசித் தலை அளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போக ஆரம்பித்தன. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது காயில் கனெக்டர். அங்கே ஒரே ஒரு குமிழ் மெல்ல ஊதிப் பெருத்து, பத்து நொடிக்கு ஒரு முறை கழன்று போனது. உடனே பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்தேன். நீரிலேயே ஆறவிட்டால் அதே ஓட்டைகள் வழியாக அந்த நீரையே உறிஞ்சிவிடும். இந்தச் சோதனையில் நினைவில் வைக்க வேண்டியது அது ஒன்றே.

மூடியைத் திறந்து பார்த்தபோது

கீல் மூலையில், கிரீஸில் புதைந்து, ஒரு பருத்தி இழை ரிங்கின் மேல் குறுக்காகக் கிடந்தது. கரையில் கை துடைக்கும் துண்டிலிருந்து வந்தது. கண்ணாடி வில்லையில் பார்த்தால் ரிங்கில் அந்த இழை பதிந்த கோடு தெரிந்தது. இழையின் இரு பக்கமும் ரப்பர் எதிர்ப் பரப்பைத் தொடாத மெல்லிய சந்து. தலைமுடியும் இதே வேலையைச் செய்யும். ஒரு முடியின் பருமன் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. நீருக்கு அந்தச் சந்து ஒரு நெடுஞ்சாலை. ஆழமில்லாத நீரில் இழுப்பு ஏதும் இல்லாதபோது, இவ்வளவு குறுகிய, கிரீஸ் பூசிய சந்துக்குள் நுழைய நீரின் பரப்பு இழுவிசையே ஓரளவு தடை போடும். உள்ளிருந்து உறிஞ்சும்போது அந்தத் தடை உடைகிறது. மாலைப் பயணங்களில் தப்பித்தது இதனால்தான் என்று கருதுகிறேன்.

இழை மட்டும் குற்றவாளி அல்ல. வெர்னியர் காலிப்பரை எடுத்து எல்லாவற்றையும் அளந்தேன். ரிங் உட்காரும் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர். அதற்கான ரிங்கின் பருமன் 2 மில்லிமீட்டர். மூடும்போது 0.4 மில்லிமீட்டர், அதாவது 20 சதவீதம் நசுங்க வேண்டும். அந்த நசுக்கல்தான் நீரைத் தடுக்கிறது. பழைய ரிங்கை அளந்தால் 1.7 தான் இருந்தது. நசுங்க வேண்டிய 0.4-இல் 0.3 நிரந்தரமாகத் தட்டையாகிவிட்டது. 14 மாதம் எப்போதும் இறுக்கி மூடியபடியே, பல நாள் வெயிலில் நின்ற காருக்குள் வைத்திருந்ததன் பலன். சூடு கூடக்கூட ரப்பர் வேகமாகத் தட்டையாகும்.

நான் மாற்றிப் போட்ட புது ரிங்கோ 1.78 மில்லிமீட்டர். அங்குல அளவு ரிங்குகளில் மிகப் பரவலான பருமன் அது. கையில் வைத்துப் பார்த்தால் 2-க்கும் 1.78-க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நசுக்கல் 0.4-இலிருந்து 0.18 ஆகக் குறைகிறது, பாதிக்கும் கீழே.

ஓ-ரிங்குக்கு ஒரு குணம் உண்டு. ஆழம் கூடும்போது நீரழுத்தமே ரிங்கைப் பள்ளத்தின் எதிர்ச் சுவரோடு தள்ளி இறுக்கும். ஆழமில்லாத இடத்தில் அந்த உதவி கிடைக்காது. ரப்பரின் சொந்தத் துள்ளல் மட்டும்தான் தடுப்பு. தளர்ந்த ரிங் முழங்காலளவு நீரில் தோற்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கிரீஸ் பற்றியும் என் எண்ணம் மாறியது. கிரீஸ் நீரைத் தடுப்பதில்லை. ரிங் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரவும் ரப்பர் வறளாமல் இருக்கவும்தான் அது. விரலில் தொட்டுப் பூசினால் ரிங் மினுமினுக்க வேண்டும். வெள்ளையாகத் திரளக் கூடாது. நான் அப்பியது இழையையும் மணலையும் பிடித்து வைக்கும் பசையாகிவிட்டது. எந்த கிரீஸ் என்பதும் முக்கியம். நைட்ரைல், இபிடிஎம் என்ற ரப்பர் வகைகளால் ஆன ரிங்குகளுக்குச் சிலிக்கான் கிரீஸ் ஏற்றது. ரிங்கே சிலிக்கான் ரப்பராக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் அதை ஊத வைக்கும். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருட்கள் இபிடிஎம்மையும் சிலிக்கானையும் கெடுக்கும்.

காயில் கனெக்டரில் ரிங் நன்றாகவே இருந்தது. குறை திருகில். மரைகளுக்குள் மணல் புகுந்திருந்தது. கையால் திருகும்போது மணல் உராய்ந்து இறுகியதுபோல் உணர்வு வருகிறது. ஆனால் ரிங் இன்னும் எதிர்ப் பரப்பைத் தொடவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரைகளைச் சுத்தம் செய்த பிறகு அதே நட் இன்னும் முக்கால் சுற்று உள்ளே போனது. மூன்று வாரம் நான் உப்பின் மேல் பழி போட்ட பொய் ஒலி இந்தக் கனெக்டரின் ஊசிகளில் இருந்த ஈரத்திலிருந்து வந்தது. ஊசிகளின் அடியில் பச்சை பூத்திருந்தது.

திருத்தியவை

2 மில்லிமீட்டர் நைட்ரைல் ரிங் போட்டேன், அளந்துவிட்டுப் போட்டேன். பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்து, விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிய பிறகே மூடுகிறேன். கண் தவறவிடும் மணலை விரல் நுனி கண்டுபிடிக்கும்.

இனி மூடுவது வீட்டில் மட்டும். முழு சார்ஜோடு, உலர்ந்த கையோடு, குளிர்ந்த கருவியில் மூடிவிட்டால் திரும்பி வந்து கழுவி உலர்த்தும் வரை திறப்பதில்லை. கரையில் கருவி ஈரத்துணிக்கு அடியில், நிழலில் இருக்கும். இறங்கும்போதும் அவசரமில்லை. முதலில் காயிலை மட்டும் நீரில் வைத்துத் தேடிக்கொண்டே, பாக்ஸின் மேல் கையால் நீரை அள்ளி விட்டு ஐந்து நிமிடம் ஆற விடுகிறேன்.

திரும்பியதும் வாளி நல்ல தண்ணீரில் முழுக் கருவியையும் கால் மணி நேரம் ஊறப்போட்டு அலசுகிறேன். வேகமான குழாய்ப் பீச்சலை மூடிகளின் மேல் அடிப்பதில்லை. மூழ்குவதைத் தாங்கும் சீல் பீச்சலைத் தாங்கும் என்று பொருள் இல்லை. ஐபி எண்ணில் பீச்சலுக்கு 5, 6 என்று தனிச் சோதனைகளே உண்டு. கொசு விரட்டித் தைலம் பூசிய கையால் திரையைத் தொடுவதையும் நிறுத்திவிட்டேன். அதில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பல வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். உலர்ந்த பின் பேட்டரி மூடியைத் தளர்த்தி வைக்கிறேன், ரிங் நசுங்கிய நிலையிலேயே நாள் முழுக்கக் கிடக்காமல் இருக்க.

நண்பர்கள் சொன்ன வேறு சில வழிகளை யோசித்துவிட்டு ஒதுக்கினேன். மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அதன் அடியில் உப்பு நீர் தேங்கி நிற்கும், கசிவும் கண்ணுக்குத் தெரியாது. இணைப்புகளின் மேல் சிலிக்கான் சீலன்ட் பூசினால் அடுத்த முறை திறக்கும்போது பிளாஸ்டிக் விளிம்பு சேதமாகும். சிலவகைச் சீலன்ட் காயும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் செம்பையும் அரிக்கும்.

தரையில் தேடும் கருவியை நீரில் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பல கருவிகளில் காயில் மட்டும்தான் நீர் புகாதது; கண்ட்ரோல் பாக்ஸ் மழைத்தூறலைக்கூடத் தாங்காது. பிளாஸ்டிக் பையில் கட்டினால் நீருக்குள் இறக்கலாம் என்று நம்ப வேண்டாம். பை தெறிப்பைத் தடுக்கும், மூழ்குதலை அல்ல; கேபிள் வெளியே வரும் இடம் எப்போதும் திறந்தே இருக்கும். பாக்ஸைக் கம்பிலிருந்து கழற்றி மார்பில் பட்டையால் கட்டிக்கொள்ள முடியும் என்றால், முழங்காலளவு அமைதியான நீர் வரை போகலாம். அலை இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம்.

சோதித்துப் பார்த்தது

திருத்திய பிறகு, வேண்டுமென்றே மோசமான நிலையை உண்டாக்கினேன். பேட்டரி இல்லாத பெட்டியை மூடி திறந்தபடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, 55 டிகிரி ஆனதும் மைப்புள்ளிக் காகிதத்தோடு மூடி, குளிர்ந்த நல்ல தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் அமிழ்த்தினேன். எடுத்துத் துடைத்து மூடியை நெம்பினேன். ஒட்டிப் பிடித்தது. பிறகு சுஸ்ஸென்று திறந்தது. நீண்ட நாளாகக் கேட்காத சத்தம். இரண்டாவது முறையும் செய்து கேட்டேன். காகிதத்தில் எல்லாப் புள்ளிகளும் கூர்மையாக இருந்தன.

அதன் பிறகு 21 பயணங்கள், அவற்றில் 12 கடலில். காகிதத்தை ஒவ்வொரு முறையும் மாற்றித் தேதி எழுதிச் சேர்த்து வைக்கிறேன். ஒன்றிலும் மை பரவவில்லை. பேட்டரி மூடியின் ரிங்கை ஆறு மாதம் கழித்து அளந்தேன்: 1.93. 1.85-க்குக் கீழே போனால் மாற்றுவது என்று எனக்கு நானே ஒரு எல்லை வைத்திருக்கிறேன். ஹெட்போன் துளை மூடியின் ரிங்கை மட்டும் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை. வெந்நீரில் அங்கே குமிழ் வரவில்லை என்றாலும் அதற்கும் இதே வயதுதான். அதற்குப் பொருத்தமான 1.5 மில்லிமீட்டர் ரிங் கைக்கு வந்ததும் அதையும் அளந்து மாற்றிவிடுவேன்.